15 டாலர் போலி, 40 டாலர் அசல்

ஜப்பானிய அனிமே இசைத்தட்டுக்கு வெளிநாட்டு ரசிகர் கொடுத்த விலையில் இசைக்குப் போனது கொஞ்சம். சட்டங்களுக்குப் போனதுதான் அதிகம்.

இரண்டு தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். 1990களில் அமெரிக்காவில் அனிமே ரசிகர்கள் கூடும் மாநாடு எதற்குப் போயிருந்தாலும் விற்பனைக் கூடத்தில் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். நீளமான மேஜை, அதன்மேல் அட்டைப் பெட்டிகள், பெட்டி நிறைய சிடிக்கள். இரண்டிலும் ஒரே அட்டைப் படம், ஒரே பாடல்கள். ஒன்று 35 டாலருக்கு மேல், சமயத்தில் 40 டாலரைத் தொடும். இன்னொன்று 15 டாலர். பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கும் கல்லூரி மாணவனின் கை எதன் பக்கம் போகும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

விலை அதிகமானது டோக்கியோவிலிருந்து வந்தது. குறைவானது தைவானிலிருந்து. இரண்டாவதைத் திருட்டு சிடி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம்தான். ஆனால் அதன் பின்னட்டையைத் திருப்பினால் வேறொரு வேடிக்கை. கம்பெனியின் பெயர் கூச்சமில்லாமல் அச்சாகியிருக்கும். சன் மே, எவர் அனிமே என்று பெயர்கள். வரிசை எண்ணும் உண்டு. திருட்டுப் பொருள் விற்கிறவன் முகவரிச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவானா? போவான், அவன் ஊரில் அது திருட்டு இல்லை என்றால்.

அனிமே என்பது ஜப்பானில் தயாராகும் சித்திரப் படம். சிறுவர் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் அதன் இசையைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1974ல் தொலைக்காட்சியில் வந்த ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாதோ’ தொடருக்கு ஹிரோஷி மியாகவா அமைத்த இசையை 1977ல் சிம்பனி வடிவத்தில் தனி எல்.பி.யாக வெளியிட்டது கொலம்பியா. கார்ட்டூனின் பின்னணி இசையைத் தனியே காசு கொடுத்து வாங்கிக் கேட்பார்கள் என்பதை ஜப்பானிய கம்பெனிகளுக்குக் காட்டிய தட்டு அது. அதற்குப் பிறகு போட்டி போட்டுக்கொண்டு செலவழித்தார்கள். 1994ல் ‘மாக்ரோஸ் பிளஸ்’ படத்தின் இசைக்காக யோகோ கன்னோ இஸ்ரேல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவையே வாசிக்க வைத்தார். 1998ல் அதே கன்னோ, ‘கவ்பாய் பீபாப்’ தொடருக்காக ஒரு குழுவைச் சேர்த்து ஜாஸும் புளூஸும் வாசித்தார். கென்ஜி கவாய், ஷிரோ சகிசு, ஜோ ஹிசாய்ஷி என்று இசையமைப்பாளர்களின் பெயருக்காகவே தட்டு வாங்கும் கூட்டம் உருவானது. படத்தைப் பார்க்காமல் இசையை மட்டும் கேட்டவர்களும் அதில் உண்டு.

இப்படிப்பட்ட இசைக்கு விலை ஏன் அவ்வளவு?

90களின் முதல் பாதியில் வந்த ஜப்பானிய சிடிக்களின் உறையில் ‘3,000 யென்’ என்றும், பக்கத்திலேயே ‘வரி நீங்கலாக 2,913’ என்றும் அச்சிட்டிருக்கும். 1989ல் வந்த 3 சதவீத நுகர்வு வரி அந்த இடைவெளிக்குக் காரணம். 1997ல் வரி 5 சதவீதமானதும் அதே தட்டு 3,059 யென். பெரிய கடையானாலும் மூலைக் கடையானாலும் அதே விலை. பேரம் கிடையாது, தள்ளுபடியும் கிடையாது. பொருளைத் தயாரிப்பவர் சில்லறை விலையைக் கட்டிப்போடுவது ஜப்பானின் ஏகபோகத் தடைச் சட்டப்படி குற்றம். ஆனால் 1953ல் செய்த ஒரு திருத்தத்தால் புத்தகம், பத்திரிகை, இசைத்தட்டு ஆகியவற்றுக்கு விலக்கு. ‘சைஹான்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2001 மார்ச்சில் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் இந்த விலக்கை நன்றாக அலசிவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டது.

விலக்கை ஆதரித்த கம்பெனிகளின் வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. விலை நிலையாக இருந்தால்தான் குறைவாக விற்கும் தட்டுகளையும் துணிந்து போட முடியும் என்பார்கள். ஆயிரக்கணக்கில் மட்டுமே விற்கக்கூடிய ஒரு தொடரின் பின்னணி இசை இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று வந்ததற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதற்கான பில் ரசிகரின் தலையில் விழுந்தது என்பது இன்னொரு பக்கம்.

ஜப்பானிய ரசிகருக்கு மட்டும் ஒரு புறவாசல் இருந்தது. 1980ல் டோக்கியோவுக்குப் பக்கத்தில் மிதாகா என்ற இடத்தில் ஒரு கல்லூரி மாணவர் இசைத்தட்டுகளை வாடகைக்கு விடும் கடையைத் திறந்தார். சில ஆண்டுகளில் நாடு முழுவதும் அப்படிக் கடைகள் முளைத்தன. கம்பெனிகள் கூச்சல் போட, 1985 முதல் வாடகையில் உரிமையாளருக்கும் பங்கு என்று சட்டம் வந்தது. அதாவது கடைகளை மூடச் சொல்லவில்லை, பணம் கட்டச் சொன்னார்கள். சில நூறு யென் கொடுத்துத் தட்டை எடுத்துப்போய், வீட்டில் கேசட்டிலோ மினிடிஸ்க்கிலோ பதிந்துகொண்டு மறுநாள் திருப்பிக் கொடுக்கலாம். எல்லாம் சட்டப்படி. 3,000 யென் என்பது ஜப்பானில் தட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் கொடுக்கும் விலை. கேட்டால் போதும் என்பவருக்கு மலிவான வழி தெருமுனையிலேயே இருந்தது.

கலிபோர்னியாவில் இருந்த ரசிகருக்கு அந்தத் தெருமுனை இல்லை. அவருக்குக் கிடைத்தது விலைச்சீட்டு மட்டும்தான். அதையும் டாலரில் மாற்றிப் பார்க்க வேண்டும். 1995 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 80 யென் கூடக் கிடைக்கவில்லை. 3,000 யென் தட்டு கப்பல் ஏறுவதற்கு முன்பே 37 டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்கக் கடையில் சாதாரண சிடி ஒன்றை வாங்கும் விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இறக்குமதி செய்பவரின் லாபம், தபால் செலவு எல்லாம் அதற்கு மேல். 1998 ஆகஸ்டில் யென் சரிந்து டாலருக்கு 147 வரை போனபோது அதே தட்டின் அடக்க விலை 20 டாலருக்கு இறங்கியது. ஆனால் மேஜையில் விலைச்சீட்டுகள் அந்த வேகத்தில் இறங்குவதில்லை. ஏறும்போது மட்டும் சுறுசுறுப்பு. எந்த ஊர் வியாபாரிக்கும் உள்ள குணம்தான்.

இந்த இடைவெளியில்தான் தைவான் தட்டு புகுந்தது. அது புகுந்த கதவைத் திறந்துவிட்டது அரசியல்.

1972 செப்டம்பரில் ஜப்பான் பீஜிங்குடன் கைகுலுக்கியது. தைவானுடன் தூதரக உறவு முறிந்தது. இரு அரசுகளுக்கும் இடையே காப்புரிமை ஒப்பந்தம் எதுவும் இல்லை. தைவானின் காப்புரிமைச் சட்டம் வெளிநாட்டுப் படைப்புகளுக்கு இரண்டு வழிகளில்தான் பாதுகாப்புக் கொடுத்தது. ஒன்று, தைவான்காரரின் படைப்புக்கு அந்த நாடும் அதே பாதுகாப்பைக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, வெளிநாட்டில் வெளியான 30 நாட்களுக்குள் தைவானிலும் அந்தப் படைப்பு வெளியாக வேண்டும். டோக்கியோவில் ஒரு சித்திரத் தொடரின் பின்னணி இசையை வெளியிடும் கம்பெனி எதற்காக ஒரு மாதத்துக்குள் தாய்பேக்கு ஓட வேண்டும்? பெரும்பாலான தட்டுகள் ஓடவில்லை. அதனால் அவை அங்கே கிட்டத்தட்ட அனாதைகள். சன் மே போன்ற கம்பெனிகள் பின்னட்டையில் பெயர் போட்டுக்கொண்டதன் ரகசியம் இதுதான்.

தைவானில் தடையில்லாமல் பிறந்த தட்டு லாஸ் ஏஞ்சலீஸில் இறங்கியதும் கள்ளச் சரக்காகிவிடும். அமெரிக்காவும் ஜப்பானும் பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள். ஜப்பானியப் பதிவுக்கு அமெரிக்காவில் முழுப் பாதுகாப்பு உண்டு, உரிமையாளர் அனுமதியில்லாத பிரதியை இறக்குமதி செய்வது தவறு. தட்டு மாறவில்லை. அது கடந்த கடல்தான் அதன் ஜாதியை மாற்றியது. ஆனால் சில நூறு சிடிக்களுக்காகக் கோர்ட்டுக்குப் போக டோக்கியோ கம்பெனிகள் அதிகம் மெனக்கெடவில்லை. வழக்கறிஞர் ஒருவரின் ஒரு நாள் சம்பளம் அந்த மேஜையின் மொத்த விற்பனையைவிட அதிகமாக இருந்திருக்கும்.

போலி என்றதும் கரகரப்பான ஒலியை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பாட்டுப் பட்டியலைக் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறைக்குத் திருட்டுப் பிரதி என்றால் தேய்ந்த ஒலி. பிரதிக்குப் பிரதி எடுத்தால் இன்னும் தேயும். சிடியில் இருப்பது எண்கள். எண்களை எத்தனை முறை நகல் எடுத்தாலும் அவை தேய்வதில்லை. இவை வீட்டுக் கணினியில் பதிந்தவையும் அல்ல, முறையான தொழிற்சாலையில் அச்சடித்த வெள்ளித் தட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது டோக்கியோ, எது தைவான் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘இசை அதேதானே?’ என்ற கேள்விக்கு ரசிகர்கள் மத்தியில் நேரான பதில் வராததற்கு இது காரணம். அதேதான்.

வித்தியாசம் காகிதத்தில் இருந்தது. ஜப்பானிய சிடியின் இடது விளிம்பில் ‘ஓபி’ என்று ஒரு காகிதப் பட்டை செருகியிருக்கும். கிமோனோவின் இடுப்புக் கச்சைக்குள்ள பெயர்தான் அதற்கும். விலை, பாடல் பெயர், வெளியீட்டுத் தேதி எல்லாம் அதில் இருக்கும். போலியில் பெரும்பாலும் கச்சை இருக்காது. அசலின் உறையில் ஜஸ்ராக் என்ற இசை உரிமை அமைப்பின் முத்திரையும், கம்பெனியின் வரிசை எண்ணும் இருக்கும். கிங் ரெக்கார்ட்ஸ் தட்டு என்றால் ‘கே.ஐ.சி.ஏ.’, விக்டர் என்றால் ‘வி.ஐ.சி.எல்.’ என்று தொடங்கும். போலியில் அந்த இடத்தில் தைவான் கம்பெனியின் எண். உள்ளே இருக்கும் சிறு புத்தகம் அசலைப் படம் பிடித்து மறுபடி அச்சடித்தது. நிறம் மங்கியிருக்கும், பக்கங்களும் குறையும், இசையமைப்பாளரின் குறிப்பு காணாமல் போயிருக்கும். பாடல்களின் பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருப்பார்கள். அந்த மொழிபெயர்ப்பைப் படித்துச் சிரிப்பதற்காகவே வாங்கலாம் என்று கேலி செய்யலாம்.

சில போலிகளில் அசலில் இல்லாத பாடல்களும் இருக்கும். ஒரு தட்டில் 74 நிமிடம் வரை பதியலாம், அசலில் 50 நிமிடம்தான் என்றால் மீதி இடம் வீண்தானே என்று வேறொரு தட்டிலிருந்து இரண்டு பாட்டை எடுத்துச் சேர்த்துவிடுவார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் கஞ்சத்தனம் எதற்கு?

விவரம் தெரிந்தவர்கள் இந்த அடையாளங்களைப் பட்டியல் போட்டுப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பல மாநாடுகள் போலித் தட்டு விற்றால் மேஜை கிடையாது என்று விதி போட்டன. இருந்தும் விற்பனை நடந்தது. ஏனென்றால் வாங்கியவர்களில் கணிசமானவர்கள் மலிவுக்காக வாங்கவில்லை. அது போலி என்றே தெரியாமல் வாங்கினார்கள். ஜப்பானிய எழுத்து, பளபளக்கும் தட்டு, கம்பெனி பெயர், 15 டாலர் விலை. அமெரிக்க சிடியின் விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் சந்தேகம் வர வழியே இல்லை.

அந்த 15 டாலரைத்தான் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். மொத்தமாக அச்சடித்தால் ஒரு சிடிக்கு ஆகும் செலவு அந்தக் காலத்திலேயே ஒரு டாலரைச் சுற்றித்தான். பாட்டு எழுதியவருக்கோ, வயலின் வாசித்தவருக்கோ, ஸ்டூடியோவுக்கோ தைவான் கம்பெனி ஒரு பைசா கொடுக்கவில்லை. அப்படியானால் 3 டாலருக்கு விற்றிருக்கலாமே? விற்கவில்லை. போலியின் விலையை நிர்ணயித்தது அதன் செலவல்ல, அசலின் விலை. அசல் 35க்கு மேல் இருந்தவரை போலி 15ல் நிற்கலாம், ரசிகருக்கும் 20 டாலர் மிச்சம் என்ற திருப்தி. ஏழை ரசிகனுக்கு உதவுகிறோம் என்று விற்றவர்கள் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. சைஹான் கட்டிய உயரமான சுவரின் நிழலில் கடை போட்டவர்கள் அவர்கள். சுவர் குட்டையாக இருந்திருந்தால் அவர்களுக்கு நிழலே கிடைத்திருக்காது.

அசலுக்குக் கொடுத்த பணம் எங்கே போனது என்பதையும் பார்க்கலாம். ஜஸ்ராக் கட்டண விதிப்படி தட்டின் வரி நீங்கிய விலையில் 6 சதவீதம் பாடல் உரிமைக்கு. 2,913 யென்னில் அது சுமார் 175 யென். இதைப் பாடலாசிரியர், இசையமைப்பாளர், வெளியீட்டாளர் ஆகியோர் பிரித்துக்கொள்ள வேண்டும். 37 டாலர் கொடுத்தவர், அதில் இரண்டு டாலர் சொச்சம்தான் பாட்டுக்குப் போனது என்று தெரிந்தால் முகம் சுளிக்கலாம். ஆனால் சின்னத் தொகைகள் சேர்கிற விதம் வேறு. 1995 அக்டோபரில் ‘இவாஞ்சலியன்’ தொடரின் தொடக்கப் பாடல் வெளியானது. பாடியவர் யோகோ தகஹாஷி, எழுதியவர் நெகோ ஒய்காவா. தட்டுக்குப் பிறகு கரோக்கே, சூதாட்ட இயந்திரங்கள் என்று அந்தப் பாட்டு ஒலித்த இடமெல்லாம் உரிமைத் தொகை வந்துகொண்டே இருந்தது. அதிகத் தொகை ஈட்டிய பாடலுக்கான ஜஸ்ராக்கின் தங்கப் பரிசு 2011ல் அதற்குத்தான். தொடர் முடிந்து 15 வருடம் கழித்து.

பாட்டுக்கு அப்பால் படமும் இருக்கிறது. ஜப்பானில் அனிமே தொடர்களுக்குப் பணம் போடுவது பெரும்பாலும் தனி முதலாளி அல்ல. தொலைக்காட்சி, பதிப்பகம், பொம்மைக் கம்பெனி, இசைத்தட்டுக் கம்பெனி எல்லாம் கூட்டாக முதலீடு செய்யும். போட்ட பணத்தை ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் சரக்கை விற்று எடுத்துக்கொள்ள வேண்டும். ‘இவாஞ்சலியன்’ உருவானதில் கிங் ரெக்கார்ட்ஸின் தயாரிப்பாளர் தோஷிமிச்சி ஓத்சுகிக்குப் பெரிய பங்கு உண்டு. இசைத்தட்டுக் கம்பெனியின் ஆள் ஒரு சித்திரத் தொடரின் பிறப்பில் இருந்தார் என்பது வெளிநாட்டு ரசிகர் பலருக்கு அன்று தெரியாத விஷயம். அவர்கள் சிடியைப் படத்தோடு ஒட்டிவரும் நினைவுப் பொருள் என்று நினைத்தார்கள். உண்மையில் அடுத்த தொடருக்கான விதைநெல்லில் ஒரு பங்கு அதில் இருந்தது.

போலிக்கு ஆதரவாகச் சொன்ன வாதங்களில் நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அசல் கிடைக்கவில்லையே என்பது. ஜப்பானிய கம்பெனிகள் பல தட்டுகளை ஒரு முறை அச்சடிப்பார்கள், தீர்ந்தால் மறுபடி அச்சு கிடையாது. அதன் பிறகு பழைய தட்டுக் கடையில் 60 டாலர் கொடுத்து அசலை வாங்கினாலும் இசையமைப்பாளருக்கு அதில் சல்லிக்காசு போகாது. தென் கொரியாவில் நிலைமை இன்னும் மோசம். ஜப்பானியக் கலைப் பொருட்களுக்கு இருந்த தடை 1998ல்தான் படிப்படியாகத் தளரத் தொடங்கியது. ஜப்பானிய மொழியில் பாடிய தட்டை விற்க 2004 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அங்கே அசலா போலியா என்ற கேள்வியே எழவில்லை. எந்த விலை கொடுத்தாலும் கடையில் அசல் இல்லை.

கதவை மூடியது உலக வர்த்தக அமைப்பு. 2002 ஜனவரி 1ல் தைவான் அதில் உறுப்பினரானது. உறுப்பு நாடுகளின் படைப்புகளை எல்லாம் காப்பாற்ற வேண்டும், பழைய படைப்புகளையும் சேர்த்து என்பது நிபந்தனை. அனாதைத் தட்டுகளுக்கு ஒரே நாளில் பெற்றோர் வந்துவிட்டார்கள். ஏற்கெனவே முதல் போட்டவர்களுக்கு இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள். அதோடு அந்தத் தொழிலின் சட்டப் போர்வை விலகியது. கிடங்கில் இருந்த சரக்கும், மேஜைகளில் இருந்த சரக்கும் அதற்குப் பிறகும் பல காலம் விற்றன என்பது வேறு.

ஜப்பானிய கம்பெனிகள் இதற்குள் பாடம் கற்றுக்கொண்டு ஆசிய நாடுகளில் தாங்களே உரிமம் கொடுத்து மலிவு விலையில் தட்டு வெளியிடத் தொடங்கியிருந்தன. உடனே புதிய பயம். தாய்பேயில் மலிவாக விற்கும் அசல் தட்டு ஜப்பானுக்கே திரும்பி வந்துவிட்டால்? 2004ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, 2005 ஜனவரி முதல் அந்த மாதிரித் தட்டுகளைத் திருப்பி இறக்குமதி செய்வதைத் தடுக்க வழி செய்தார்கள். முன்பு கம்பெனி பயந்தது அடுத்தவன் அச்சடித்த போலிக்கு. இப்போது தன் சொந்த அசலுக்கே. சுவரை இறக்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள்.

போலித் தட்டை மார்க்கெட்டிலிருந்து உண்மையில் விரட்டியது சட்டத்தைவிட இசை கேட்கும் பழக்கம் மாறியதுதான். எம்பி3 வந்தபின் 15 டாலர் கொடுத்துப் போலி வாங்குவதில் அர்த்தமில்லை, இலவசமாகவே போலி கிடைத்தது. அதற்குப் பின் சந்தா கட்டிக் கேட்கும் சேவைகள். ஹிசாய்ஷியின் இசை அடங்கிய ஸ்டூடியோ கிப்ளி தட்டுகள் 2020 பிப்ரவரியில் இந்தச் சேவைகள் வழியாக உலகெங்கும் கிடைக்க ஆரம்பித்தன. 90களில் மாதக் கணக்கில் பணம் சேர்த்துக் கிப்ளி தட்டு ஒன்று வாங்கியவர்களுக்கு இது சந்தோஷமா, எரிச்சலா என்பதை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தட்டே வேண்டும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டோக்கியோவின் பழைய சரக்குக் கடைகளில் அந்தக் கால அசல்கள், கச்சையோடு, சில நூறு யென்னுக்குக் கிடைக்கின்றன. அரிய தட்டு என்று ஏலத்தில் வாங்கி, பிரித்துப் பார்த்தால் சன் மே என்றிருப்பதும் நடக்கிறது. சைஹான் சிடிக்களுக்கு இன்னும் நீடிக்கிறது, புதுத் தட்டின் விலை 3,000 யென்னைச் சுற்றியே நிற்கிறது. மாறியது யென்னின் மதிப்புதான். 2024 ஜூலையில் அது டாலருக்கு 161 வரை இறங்கியபோது, 3,000 யென் அசல் 19 டாலருக்கும் குறைவு. 90களில் தைவான் போலி விற்ற விலையைவிட மூன்று நான்கு டாலர்தான் அதிகம். தபால் செலவு தனி.